படங்கைத் தூக்கிப் பார்க்காத நாடு

போன மாதம் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் தமிழ் மன்றத்து மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். ‘உலகப்போர் மூண்டால் நடுநிலை நாடு ஏன் உள்ளே இழுபடுகிறது?’ என்பது தலைப்பு. பேச வந்தவர் ஹனோவரில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர். பொறியியலாளர், ஓய்வு நேரத்தில் சரித்திரம் படிக்கிறவர். நல்ல பிள்ளை. திரையில் வரைபடமெல்லாம் போட்டு, முதலாவது உலகப்போரில் பெல்ஜியம் எப்படி மாட்டுப்பட்டது என்று விளக்கினார். நடுநிலை நாடு படை போகிற வழியில் இருக்கும், அல்லது அதன் நிலத்துக்கு அடியில் யாருக்காவது தேவையான பொருள் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் அதன் கப்பல் நடுக்கடலில் அடிபடும் என்றார். “பேசிக்கலி, சின்ன நாட்டுக்கு சாய்ஸே கிடையாது” என்று முடித்தார். மண்டபம் கை தட்டியது. எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கையை உயர்த்தினேன். மன்றத் தலைவருக்கு என் குணம் தெரியும். “அண்ணை, ரெண்டு நிமிசம்தான். வேற ஆக்களும் இருக்கினம், கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்கோ” என்றார். இரண்டு நிமிடத்தில் நான் ரயில் பெட்டி என்றேன், படங்கு என்றேன், யோசெப் என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்காமல் இருக்கையில் குந்திவிட்டேன். தேநீர் இடைவேளையில் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்து, நான் சொல்ல வந்தது அவருக்குப் புரியவில்லை என்றும், முடிந்தால் எழுதித் தரும்படியும் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஜேர்மனியில் வேலை செய்த காலத்தில் பெரும்பகுதியை தெற்கு எல்லையில் இருந்த ஒரு சரக்கு ரயில் நிலையத்தில் கழித்தவன். அந்த நிலையத்துக்கு அப்பால் ஒரு நடுநிலை நாடு தொடங்கும். அந்த நாட்டின் பெயரை எழுதமாட்டேன். நான் சொல்லப்போகும் போரின் பெயரையும் எழுதமாட்டேன். பெயர் வந்த கணத்திலேயே வாசிக்கிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து சண்டைக்கு நிற்பார்கள், நான் சொல்ல வந்தது காற்றில் போய்விடும்.

அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு பயணிகள் பெட்டி கூட்டித் துடைத்து, பாஷை கொஞ்சம் பிடிபட்டதும் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து ‘வாகன்மைஸ்டர்’ ஆனேன். இவ்வளவையும் ஒரு வசனத்தில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இது இங்கே வந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள கதைதான். வாகன்மைஸ்டர் என்றால், சரக்கு ரயில் புறப்படுமுன் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்கிறவன். அவன் கையெழுத்து வைக்காமல் ரயில் நகராது.

வேலை இப்படி. கையில் நீளப் பிடி போட்ட சுத்தியல், தோளில் விளக்கு. ரயிலின் தலையில் தொடங்கி வால்வரை நடக்க வேண்டும். ஒவ்வொரு சில்லிலும், அதாவது சக்கரத்திலும், சுத்தியலால் தட்ட வேண்டும்; நல்ல சில்லு மணிபோல் ஒலிக்கும், வெடித்த சில்லு செத்த சத்தம் போடும். பிரேக்குக்குக் காற்று விட்டதும் ஒவ்வொரு கட்டையும் சில்லைப் பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தள்ளிப் பார்க்க வேண்டும். கட்டை ஆடினால் அந்தப் பெட்டிக்குப் பிரேக் இல்லை என்று அர்த்தம். பிறகு வில், அதாவது ஸ்பிரிங். பெட்டியின் பாரத்தை வில்தான் தாங்குகிறது. எவ்வளவு பாரம் என்று காகிதம் என்ன பொய்யும் சொல்லலாம், வில்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கடைசியாகச் சரக்குக் கட்டு: பட்டி இறுக்கமா, ஆப்பு இருக்கிறதா, மூடியிருக்கும் படங்கு காற்றில் கிளம்பாதா. படங்கு என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்வதை தமிழ்நாட்டில் தார்ப்பாய் என்பார்கள்.

நான் அந்த நிலையத்துக்குப் போன புதிதில் இந்த நடையை இரண்டு பேர் நடப்போம். ரயிலின் வலப்பக்கம் நான்; இடப்பக்கம் அந்த நடுநிலை நாட்டின் ரயில்வேயிலிருந்து வந்த ஆள். எங்கள் பக்கத்து ரயில் அவர்கள் மண்ணுக்குள் போகிறது, ஆகவே அவர்களுடைய கண்ணும் அதைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஆள்தான் யோசெப். உயரம், சிவப்புக் காது, பேச்சுக் குறைவு. பெட்டிகளுக்கு அடியால் அவனுடைய சப்பாத்து மட்டும்தான் எனக்குத் தெரியும். அவன் தட்டும் சத்தமும் நான் தட்டும் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே போகும். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இருவரும் எதிர்ப்படுவோம். அவன் பக்கத்தில் ஏதும் பிழை இருந்தால் சொல்வான், என் பக்கத்தில் இருந்தால் நான் சொல்வேன். இரண்டு பேரும் சரி என்றால்தான் கையெழுத்து.

யோசெப் பொல்லாத ஆள். ஒருமுறை பால்மா ஏற்றிய பெட்டியில் முத்திரைக் கம்பி லேசாக வளைந்திருக்கிறது என்று ரயிலையே மறித்து வைத்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் பல்லைக் கடித்தார்கள். “இது என் நாட்டுக்குள் போகிறது. என்ன போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்றான். அன்று நான் அவனை மனதுக்குள் திட்டினேன். ஆனால் மதித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவி வசந்தியின் கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறான். என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு, அதாவது மஞ்சள் நீராட்டுக்கு, கோட்டு சூட்டுப் போட்டு வந்து முன்வரிசையில் இருந்தான்.

பிறகு ஒரு நாள் புதிய ஒப்பந்தம் வந்தது. இரண்டு ரயில்வேயும் ஒன்றையொன்று நம்புவது என்று முடிவெடுத்தன. கொடுக்கிற பக்கத்து வாகன்மைஸ்டர் பார்த்தால் போதும், வாங்குகிற பக்கம் மறுபடி பார்க்கத் தேவையில்லை. நேரம் மிச்சம், ஆள் மிச்சம். கேக் வெட்டினார்கள். யோசெப்பை அவனுடைய நாட்டுக்குள் ஒரு அலுவலகத்தில் மேசை வேலைக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளிலிருந்து வலப்பக்கம் நடந்து போய், வாலில் திரும்பி, இடப்பக்கம் நானே நடந்து வந்தேன். ஒரு நாடு தன் எல்லையில் வைத்திருந்த கண்ணைத் தானே எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நடை கூடிப்போச்சே என்று மட்டும்தான் எரிச்சல்பட்டேன்.

இனி ஹெர் லெம்கே. அவர் என் மேலதிகாரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கூச்சல் போடுகிற அதிகாரியோடு சண்டை பிடிப்பது சுலபம், லெம்கே ஒரு நாளும் கூச்சல் போட்டவரல்ல. காகிதத்தை மேசையில் வைக்குமுன் கைக்குட்டையால் மேசையைத் துடைப்பார். வந்தவருக்குத் தன் கையால் கோப்பி ஊற்றுவார். மற்ற ஜேர்மன்காரர் எல்லாரும் என்னை ‘சிவா’ என்று சுருக்கியபோது, அவர் மட்டும் ஒரு வாரம் பழகி, ஒரு எழுத்துப் பிசகாமல் ‘ஹெர் சிவகுருநாதன்’ என்று கூப்பிட்டார். அதனாலேயே அவர்மேல் கோபப்பட எனக்கு நீண்ட காலம் எடுத்தது. அவர் கட்டளை இடமாட்டார், கேள்விதான் கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஓம்’ என்பதைத் தவிர வேறு பதில் இராது. ஐந்தாறு ‘ஓம்’ சொல்லி முடிய, அவர் நினைத்த இடத்தில் நாங்கள் நிற்போம்.

அந்தச் சம்பவம் நடந்தது நான் ஓய்வுபெறச் சில வருடங்களுக்கு முன். ஓரிடத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நடுநிலை நாடு, தன் மண் வழியாக எந்தத் தரப்பின் ஆயுதமும் போகாது என்று உலகத்துக்குச் சொல்லியிருந்தது. அவர்களுடைய சட்டமும் அதுதான். தொலைக்காட்சியில் அவர்களின் அமைச்சர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னதை நானும் வசந்தியும் இராச்சாப்பாட்டின்போது பார்த்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் நீளமான ஒரு ரயில் வந்து நின்றது. நடுவில் சில தட்டைப் பெட்டிகள், மேலே சாம்பல் நிறப் படங்கு. விவசாய இயந்திரம் என்று காகிதம் சொன்னது. சில்லைத் தட்டினேன், பிரேக் பார்த்தேன், எல்லாம் சரி. வில்லைப் பார்த்தேன். காகிதத்தில் இருந்த பாரத்துக்கு அந்த வில் அவ்வளவு அமுங்க நியாயமில்லை. அடுத்த பெட்டியும் அப்படி. அதற்கடுத்ததில் பட்டி ஒன்று தளர்ந்து தொங்கியது. பட்டி தளர்ந்தால் படங்கைத் திறந்து சரக்கு அசைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. கயிற்றில் கை வைத்தேன். வைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

ஏனென்று சொல்கிறேன். ஊரில் எங்கள் ஐயாவிடம், அதாவது அப்பாவிடம், ஒரு லொறி இருந்தது. சுன்னாகம் சந்தையிலிருந்து வெங்காயம் ஏற்றுவார். சண்டைக் காலத்தில் அவர் ஒரு பக்கமும் சேராத ஆள். இரண்டு பக்கமும் கேட்டபோது இரண்டு பக்கத்துக்கும் இல்லை என்றவர். ஒரு தடவை தெரிந்தவர் ஒருவர் வந்து, வெங்காய மூட்டைதான், ஒரே ஒரு ஓட்டம், படங்கு கட்டி ஆயத்தமாக இருக்கிறது என்றார். ஐயா படங்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் இல்லை என்று சொல்ல வேண்டி வரும், சொன்னால் பகை வரும் என்று அவருக்குத் தெரியும். லொறியை ஓட்டிப்போனது என் அண்ணன். வழியில் மற்றப் பக்கம் மறித்தது. யார் ஏற்றியது, யார் மறித்தது என்று எழுதமாட்டேன். இரண்டு பக்கமும் இரண்டு வேலையையும் செய்தவர்கள்தான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஐயா போய் அழுதார். “உன்ர லொறியில என்ன இருக்கெண்டு உனக்குத் தெரியாதோ?” என்று கேட்டார்களாம். லொறியும் வரவில்லை, அண்ணனும் வரவில்லை.

நான் படங்கைத் தூக்கினேன். உள்ளே சங்கிலிச் சில்லு. விவசாய இயந்திரத்துக்கும் சங்கிலிச் சில்லு உண்டுதான். ஆனால் விவசாய இயந்திரத்தின் பக்கத் தகடு இரண்டு விரல் தடிப்பில் இராது. ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு ஒடுங்கிய துவாரம் இராது. கூரையில் வட்டமாக வெட்டி, பலகையால் மூடி, மேலே புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அது கவச வண்டி. மற்றப் பெட்டிகளின் படங்கு ஓரங்களையும் தூக்கினேன். எல்லாம் அதுவே. பாரம் பொருந்தவில்லை என்று அந்தப் பெட்டிகளில் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, ரயில் போகாது என்று அறிவித்தேன். என் அதிகாரம் அவ்வளவுதான். நான் பொலிஸ் அல்ல. பாரம் பிழை என்று சொல்லலாம், சரக்கு பிழை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் கைகழுவி வருவதற்குள் புதுக் காகிதம் வந்துவிட்டது. அதே விவசாய இயந்திரம், பாரம் மட்டும் சரியாக. லெம்கே கூப்பிட்டார். மேசையைத் துடைத்தார். கோப்பி ஊற்றினார்.

“ஹெர் சிவகுருநாதன், உங்கள் வேலை என்ன?”

“சில்லு, பிரேக், வில், சரக்குக் கட்டு.”

“சில்லும் பிரேக்கும் சரியா?”

“ஓம்.”

“தளர்ந்த பட்டியை இறுக்கிவிட்டார்களா?”

“ஓம்.”

“இப்போது எழுதியிருக்கும் பாரத்துக்கு வில் பொருந்துகிறதா?”

“பொருந்துகிறது. ஆனால் பெயர் பொருந்தவில்லை.”

“பெயர் உங்கள் வேலையா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் அவர்கள் தங்களுடைய ஆளை அனுப்பியிருப்பார்களே, அனுப்பவில்லையே என்றார். இதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. ஒரு கோப்பி குடித்துவிட்டு யோசித்து வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது அந்த மரியாதையை நினைத்துத்தான். இன்னொருவர் நாட்டின் வாசலால் கவச வண்டியைக் களவாக அனுப்புகிற காரியத்தை அவர் கோப்பியும் பிஸ்கற்றும் வைத்துச் செய்தார்.

வெளியில் வந்து வசந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். நிலையத்துக்குப் பக்கத்தில்தான் வீடு வாங்கியிருந்தோம். அவளுக்கு அங்கே வேலை, கோயில், சிநேகிதிகள் எல்லாம் இருந்தன. “உங்களுக்கென்ன விசரே? இன்னும் கொஞ்சக் காலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தா பென்சன். கையெழுத்தை வைச்சிட்டு வீட்டை வாங்கோ” என்றாள். படங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு எங்கள் ஐயாவின் கதை தெரியும். “பாத்திட்டீங்களெண்டா இனி ஏலாதுதான்” என்றுவிட்டு வைத்தாள்.

பிறகு யோசெப்புக்கு எடுத்தேன். எல்லைக்கு அப்பால் வருகிற ரயில்களைப் பொறுப்பேற்கிற மேசை அவனுடையது. அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த ரயிலை அவர்கள் ஏற்கமாட்டார்கள். பால்மாப் பெட்டியை மறித்தவன் இதைக் கேட்டால் துள்ளி எழும்புவான் என்று நினைத்தேன். படங்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பெட்டி பெட்டியாகச் சொன்னேன்.

“சிவா, நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்” என்றான்.

“நான் கேட்கிறேன், யோசெப். உன் நாட்டுக்குள் இது போகலாமா?”

“நீ கேட்டால் நான் மேலே சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். போகலாம் என்றால் ஒரு பக்கம் எங்களை எதிரி என்னும், போகக்கூடாது என்றால் மற்றப் பக்கம் சொல்லும். ஒருவரும் கேட்காவிட்டால் ஒருவரும் முடிவெடுக்கத் தேவையில்லை. எங்களுக்குள் நம்பிக்கை ஒப்பந்தம் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.”

இப்படிச் சொல்லும்படி மேலே இருந்து சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை, ஒருவரும் சொல்லவில்லை, சொல்லாமலே தெரியும் என்றான். பிறகு வசந்தி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தான். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. லெம்கே தலையை ஆட்டி, என் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தார். அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவன் நடந்தான், தட்டினான், கையெழுத்து வைத்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவன் படங்கைத் தூக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பட்டியெல்லாம் இறுக்கிக் கட்டியாயிற்று. வெயில் சாயும் நேரத்தில் ரயில் எல்லையைத் தாண்டியது. ஒரு காவல்காரனும் மறிக்கவில்லை. பலகையில் அந்த நாட்டின் கொடி, அதன்கீழ் நல்வரவு.

என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. நிற்பாட்ட நான் பிழை ஒன்றும் செய்யவில்லை. வேலைத் தேவை காரணமாக என்று சொல்லி வடமேற்கே ரூர் தொழிற்பகுதி நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். வீட்டை விற்றோம். வசந்தி சிநேகிதிகளை விட்டுவிட்டு கெல்சென்கிர்ச்சனுக்கு வந்தாள். ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டவில்லை. கோயிலுக்குப் போய்வந்த பிறகு சில நாட்களில் பேசாமல் இருப்பாள், அவ்வளவுதான். மாற்றம் சொன்ன அன்று லெம்கே எழுந்து நின்று கைகொடுத்தார், பெயரையும் முழுதாகச் சொன்னார்.

இப்போது அந்தத் தம்பிக்குச் சொல்கிறேன். தம்பி, நீங்கள் பெல்ஜியத்தின் படத்தைப் போட்டு ‘இழுபட்டது’ என்றீர்கள். பெல்ஜியம் இழுபடவில்லை. ஜேர்மன்காரன் வழிவிடு என்று கேட்டான், விடமாட்டேன் என்றார்கள், கதவை உடைத்துக்கொண்டு போனான். அடிபட்டவனை இழுபட்டவன் என்பது அநியாயம். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது அதுவல்ல. இங்கே கதவை ஒருவரும் உடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். இரண்டையும் ஒரே கூடைக்குள் போட்டு, சின்ன நாட்டுக்கு வழியில்லை என்று கைதட்டு வாங்காதீர்கள். வழி இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பளவு இருந்தது. நான் அதை எடுத்தவன்.

ஒரு நடுநிலை நாடு போருக்குள் போகும் நாள் பத்திரிகையில் வருகிற நாள் அல்ல. அது எத்தனையோ காலத்துக்கு முன், என்ன போகிறது என்று பார்க்கிற ஆளை எல்லையிலிருந்து எடுத்த அன்று தொடங்குகிறது. பிறகு இந்த ஒரு தடவை மட்டும் என்பார்கள். பிறகு எங்களை ஒருவரும் கேட்கவில்லையே என்பார்கள். மற்றப் பக்கத்துக்காரன் மடையனா? தன் ஊரில் வந்து விழுந்த இரும்பு எந்தத் தண்டவாளத்தால் வந்தது என்று அவன் தேடிப் பிடிக்கமாட்டானா? ஐயாவிடம் கேட்டதைத்தான் அவனும் கேட்பான். மேலே சொன்ன இந்தப் போர் ஒரு உலகப்போராகப் பெருத்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமையோடு அந்த நாடு உள்ளே போயிருக்கும். அங்கே காலையில் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு அது தெரிந்திராது. எனக்கு வயிறு எரிவது அந்தச் சனத்தை நினைத்துத்தான்.

இதை வாசித்துவிட்டு அந்தத் தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்கக்கூடும். போகக்கூடாது என்று சொல்லியிருந்தாலும் பெரிய நாடு ஒன்று பகைத்திருக்கும் அல்லவா, அப்போது என்ன செய்வது என்பார். உண்மைதான். பகைத்திருக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லிப் பகைப்பட்டவன் தான் எதற்காக அடிவாங்குகிறேன் என்று தெரிந்து அடிவாங்குவான். எங்கள் ஐயாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் ஏன் இப்போது பேசுகிறேன் என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிகள் அந்த நடுநிலை நாட்டு நிலையம் ஒன்றில் நின்றபோது யாரோ எடுத்த படம் இந்த வருடம் வெளியே வந்துவிட்டது. படங்கின் ஒரு மூலை காற்றில் கிளம்பியிருக்கிறது, கீழே சங்கிலிச் சில்லு தெரிகிறது. போரிட்ட தரப்பொன்று, இனி உங்களிடமிருந்து நடுநிலை என்ற சொல்லை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. அந்த நாட்டின் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. அவர்களுடைய அரசுப் பேச்சாளர் தொலைக்காட்சியில் தோன்றி, நாங்கள் அறியாமல் இழுக்கப்பட்டோம், எங்கள் தரப்பில் ஒருவரையும் ஒருவரும் கேட்கவில்லை என்றார். நான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பிடி உடைந்துவிட்டது. அன்றே விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். என்னை வரச்சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை டெர்மின், எனக்குக் குறித்த நாள்.

போன ஞாயிற்றுக்கிழமை யோசெப் அழைத்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அவனும் ஓய்வுபெற்றுவிட்டான். தன்னையும் அதே நாளில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். தன் பெயர் கெட்டுவிடும், மகன் அதே ரயில்வேயில் வேலை செய்கிறான், அவனைப் பிழிந்துவிடுவார்கள் என்றான். வயதான ஆள் நீ, பழைய கதை, சரியாக நினைவில்லை என்று சொன்னால் ஒருவரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள் என்றான். வசந்தி பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யோசெப்பைப் பிடிக்கும். “அந்த மனிசன் எங்கட பிள்ளையின்ர சடங்குக்கு முன்னுக்கு இருந்தவர். என்ன கதைக்கிறதெண்டாலும் ஆறுதலாக் கதையுங்கோ” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கும் அவனைப் பிடிக்கும். அதனால்தான் வாயில் வந்த சொல்லையெல்லாம் விழுங்கினேன்.

“அன்று நான் என்ன சொன்னேன் என்று உனக்கு உண்மையாக நினைவிருக்கிறதா?” என்று கேட்டான்.

“ஒரு சொல் விடாமல்.”

“அப்படியே சொல்லப்போகிறாயா?”

“அப்படியே.”

“அப்படியென்றால் நான் அங்கே வந்து சொல்ல என்ன இருக்கிறது?”

“இருக்கிறது, யோசெப். நான் வலப்பக்கம் நடந்தவன். ரயில் எங்கள் பக்கத்திலிருந்து எப்படிப் புறப்பட்டது என்று என்னால் சொல்ல முடியும். உங்கள் பக்கத்தில் அதை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்று நீதான் சொல்ல வேண்டும்.”

அவன் தொலைபேசியை வைக்கவில்லை. நான் வைக்காமல் காத்திருந்தேன். கடைசியில், எத்தனை மணி ரயிலில் வருகிறாய் என்று கேட்டான். சொன்னேன். நிலையத்துக்கு வருவதாகச் சொன்னான்.

வருவானோ தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன்.